உளநலச் சிகிச்சையில் விளைவு அளவை தெரிதல்

உடலைப் பற்றிய நோய் தணிந்தமையை அறிவதற்குக் குறிகள் பல உள. காய்ச்சல் இறங்கியதை வெப்பமானி காட்டும். குருதியிற் சர்க்கரை குறைந்ததை ஆய்வுகூடம் காட்டும். உள்ளத்தைப் பற்றிய நோய் தணிந்தமையை எதனைக் கொண்டு அறிவது? நோயுற்றவர் "இப்போது சுகம்" என்று கூறின் அது போதுமா? உடன் வந்த தாயார் தலையசைப்பின் அது போதுமா? வைத்தியர் தம் குறிப்பேட்டில் "தேறி வருகின்றார்" என்று எழுதின் அது போதுமா? இவை பொழுதுபோக்குக்காக எழுப்பப்படும் வினாக்கள் அல்ல. மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ, உளவளத்துணையைத் தொடர்வதோ நிறுத்துவதோ, ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதோ விடுதியில் வைத்திருப்பதோ ஆகிய முடிவுகள் யாவும் இவற்றுக்கு நாம் அளிக்கும் விடையையே பற்றி நிற்கின்றன. அன்றாட உளநலச் சிகிச்சையிற் பயன்படுத்தத்தக்க அளவைகளை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டை மனத்திற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளைவு அளவை என்பது யாது?

சிகிச்சை தொடங்குமுன் ஒருவர் இருந்த நிலைக்கும், தொடங்கிச் சில காலம் சென்றபின் அவர் இருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஒழுங்கு பற்றிக் காட்டுவது விளைவு அளவை எனப்படும். இதனை வேறு இரண்டினின்றும் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது நோய் நிர்ணயம். ஒருவருக்கு உற்றது மனச்சோர்வா, உளப்பிளவையா என்று துணிவது நிர்ணயம். அது நோயின் பெயரைத் தருமேயன்றி அதன் ஏற்றவிறக்கத்தைத் தாராது. இரண்டாவது தொழிற்கணக்கு. ஒரு மாதத்தில் எத்தனை பேர் கிளினிக்குக்கு வந்தனர், எத்தனை அமர்வுகள் நடைபெற்றன, எத்தனை குளிசைகள் வழங்கப்பட்டன என்பன செய்த வேலையின் கணக்கு. வேலையால் விளைந்த நன்மையின் கணக்கன்று. உழவன் எத்தனை நாள் உழுதான் என்பதும், களத்துக்கு எத்தனை மூடை நெல் வந்தது என்பதும் வேறு வேறு என்பதை வயல்நாட்டில் வாழும் நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விளைவைக் கணக்கிடல் வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேலைநாட்டு மனநோய் மருத்துவமனைகள், தம்மிடமிருந்து வெளியேறியோரைக் குணமானோர், தேறியோர், தேறாதோர், இறந்தோர் என வகுத்து ஆண்டறிக்கைகள் வெளியிட்டன. அவ்வறிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர் பிளினி ஏர்ள், ஒரே நோயாளர் மீண்டும் மீண்டும் சேர்க்கப்பட்டு, வெளியேறும்போதெல்லாம் குணமானவர் எனப் புதிதாகக் கணக்கிற் சேர்க்கப்பட்டமையை எடுத்துக்காட்டினார். அளவையிலுள்ள பிழை, இல்லாத நன்மையை உள்ளதாகக் காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொஸ்டன் நகரத்து அறுவை வைத்தியர் ஏணெஸ்ட் கொட்மன், ஒவ்வொரு நோயாளரையும் சிகிச்சை முடிந்தபின்னும் தொடர்ந்து நோக்கி, இறுதியில் நேர்ந்தது யாது என்பதைப் பதிந்து வெளியிடல் வேண்டும் என்று வாதாடி, உடன்தொழில் புரிந்தோரின் பகையைத் தேடிக்கொண்டார். உளமருத்துவத்தில் 1960ஆம் ஆண்டு ஹமில்டனும், 1961ஆம் ஆண்டு பெக்கும் மனச்சோர்வை அளக்கும் அளவைகளை வெளியிட்டனர். அவை ஆராய்ச்சியாளர் கையிற் பெரிதும் பயின்றன. ஆராய்ச்சிக்கு ஏற்ற அளவை அனைத்தும் நாள்தோறும் நடைபெறும் கிளினிக்குக்கு ஏற்றதாதல் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நம் நாட்டில் இதன் தேவை

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் ஆகிய இந்நிலம் ஐம்பதாண்டுக்குள் அடுத்தடுத்துத் துயருற்ற நிலம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி தாக்கியது. அதன்பின் மக்களுடைய உளநிலை எவ்வாறிருந்தது என்பது பற்றிய ஆய்வொன்று 1981இல் பிரித்தானிய உளமருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பின்னர் 2009 வரை நீடித்த போர். அதனிடையே 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை. 2019 ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு நகரத்துத் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு. ஒரு துயரின் வடு ஆறுமுன் மற்றொன்று நேர்ந்த குடும்பங்கள் ஈண்டுப் பல.

ஆழிப்பேரலையின் பின் உளசமூகப் பணி செய்ய வந்த நிறுவனங்கள் பல. அவற்றின் பணியை ஒருங்கிணைத்தற்கு மட்டக்களப்பில் மங்குறோவ் என்னும் அமைப்பு இயங்கியது. அதில் முன்னின்று உழைத்த மருத்துவ மானிடவியலாளர் ஆனந்த கலப்பத்தி 2008ஆம் ஆண்டு மக்சேசே விருது பெற்றார். உதவி ஓரிடத்திற் குவிந்து மற்றோரிடத்தில் இல்லாமற் போவதை ஒருங்கிணைப்புத் தடுக்கும். ஆயின் சென்று சேர்ந்த உதவி பயன் தந்ததா என்னும் வினாவுக்கு ஒருங்கிணைப்பு மட்டும் விடையாகாது. அதற்கு அளவை வேண்டும்.

நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதற்கு வடமாகாணத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று சான்றாகும். போரினாற் பாதிப்புற்ற 399 பிள்ளைகள் பங்குகொண்ட அவ்வாய்வு 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. பாடசாலையில் 15 அமர்வுகளாக நடத்தப்பட்ட உளநலத் திட்டமொன்றிற் சேர்ந்த பிள்ளைகளும், அதற்காகக் காத்திருந்த பிள்ளைகளும் ஒரே அளவைகளால் ஒப்பிடப்பட்டனர். முதன்மையாகக் கருதிய விளைவுகளில் இருசாராருக்கும் பொதுவான வேறுபாடு காணப்படவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண்பிள்ளைகளுக்கும் வயதிற் குறைந்தோருக்கும் சில நன்மைகள் இருந்தன. ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்திய அறிகுறிகளைப் பொறுத்தமட்டில், திட்டத்திற் சேர்ந்த பெண்பிள்ளைகள் காத்திருந்த பெண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே தேறினர். அளந்து பாராதிருப்பின் இவ்வுண்மை எவர் கண்ணிலும் பட்டிராது. அத்திட்டம் எல்லார்க்கும் நன்மையே தந்ததென நாம் நம்பியிருப்போம்.

இதற்கு மறுதலையான சான்றும் நம் நாட்டில் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்னும் அளவில் தற்கொலை இறப்புகள் நேர்ந்தன. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் இருபதாண்டுகளில் அவ்வீதம் ஏறக்குறைய மூன்றிலொன்றாகக் குறைந்தது. இறப்புகள் ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணப்பட்டு வந்தமையினாலன்றோ, பயன் விளைத்தது எது என்பதை அறிஞர் காட்ட முடிந்தது!

தெரிதற்குரிய நெறிகள்

அளவை தெரிவோர் முதற்கண் வினாவ வேண்டுவது, "இவ்வெண் எந்த முடிவுக்கு உதவப் போகின்றது?" என்பதாம். ஒருவருடைய சிகிச்சையை மாற்றுதற்கா, ஒரு கிளினிக்கின் பணியைத் திருத்துதற்கா, மாவட்டங்களை ஒப்பிடுதற்கா என்பது தெளியாமல் வினாக்கொத்தைத் தெரிதல், எதை அளக்கப் போகின்றோம் என்றறியாமல் மரைக்காலை எடுத்தல் போன்றது. எந்த முடிவுக்கும் உதவாத எண்ணைச் சேர்ப்பது, நோயாளரின் நேரத்தையும் ஊழியரின் உழைப்பையும் வீணாக்குவதாகும்.

இரண்டாவது, "யார் விடை கூறுவது?" என்பது. வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்தபோது, நோயுற்றவரை முதலிலும், வைத்தியரை அடுத்தும், மருந்தையும் உடனிருந்து பேணுபவரையும் அவற்றின் பின்னும் வைத்தார். இவருள் நோயாளர், வைத்தியர், பேணுபவர் என்னும் மூவரும் ஒரே நிலையை மூன்று பக்கமிருந்து காண்கின்றனர். இங்கிலாந்தில் 1990களில் உருவாகிய ஹொனொஸ் என்னும் அளவை, 12 துறைகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை வைத்தியரோ தாதியோ இடும் புள்ளிகளால் அமைந்தது. அவுஸ்திரேலியாவிலும் இது அன்றாடப் பணியில் இடம்பெற்றது. கடுமையான உளப்பிளவையால் விடை கூற இயலாதிருப்பவருக்கு இத்தகைய அளவை இன்றியமையாதது. ஆயின் தம் துயரைத் தாமே கூற வல்லாரிடத்து அவர் வாய்மொழியை விட்டு வைத்தியர் மதிப்பையே கொள்ளுதல் முறையாகாது.

மூன்றாவது, சுருக்கமும் எளிமையும். கிளினிக் நாளில் வரிசை நீண்டிருக்கும். பின்னேரப் பேருந்தைத் தவறவிட்டாற் படுவான்கரை ஊர்களுக்குத் திரும்புதல் எளிதன்று. அரைமணி நேரம் வேண்டும் வினாக்கொத்து எத்துணைச் சிறந்ததாயினும் மூன்றாம் கிழமையிற் கைவிடப்படும். நான்காவது, மாற்றத்தை உணரும் ஆற்றல். நோய் உண்டா இல்லையா எனக் காட்டும் அளவை, அது சிறிது சிறிதாகத் தணிவதைக் காட்டாமற் போகலாம். ஐந்தாவது, கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமை. ஒவ்வொரு தாளுக்கும் பணம் கேட்கும் அளவை அரசாங்க வைத்தியசாலைக்கு ஏற்றதன்று.

இந்நெறிகளால் நோக்கின் சில அளவைகள் நம் கவனத்துக்கு உரியன. 2001ஆம் ஆண்டு வெளிவந்த பீ.எச்.கியூ.-9 மனச்சோர்வுக்குரியது, கடந்த இரு கிழமைகளைப் பற்றிய ஒன்பது வினாக்கள் கொண்டது, மொத்தப் புள்ளி 0 முதல் 27 வரை, கட்டணமின்றிக் கிடைப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் வூடாஸ் 2.0 நோயின் பெயரை நோக்காது, நடமாடுதல், தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், வீட்டு வேலையும் தொழிலும், ஊர்க்காரியங்களிற் பங்குகொள்ளுதல் முதலிய ஆறு துறைகளில் ஒருவர் எவ்வளவு இடர்ப்படுகின்றார் என்பதை அளப்பது. 12 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. இலண்டனில் உருவாகிய சைக்லொப்ஸ் வேறொரு போக்குடையது. வினாவை முன்னரே எழுதி வைக்காது, "உம்மை மிகவும் வருத்துவது யாது? அதனாற் செய்ய இயலாதிருப்பது யாது?" என்று கேட்டு, நோயாளர் கூறியதையே அளவையாக்குவது. பெஷாவர் நகரத்தில் நிகழ்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில் இதுவும் பயன்பட்டது.

2020ஆம் ஆண்டு மேலைநாட்டு ஆராய்ச்சி நிதி நிறுவனங்கள் சில, தாம் நிதியளிக்கும் ஆய்வுகளிற் பொதுவான சில அளவைகளைக் கையாளுமாறு பணித்தன. அவற்றுள் முற்கூறிய பீ.எச்.கியூ.-9உம் வூடாஸும் அடங்கும். ஒப்பிடுதற்கு இஃது உதவும் என்பர் ஒரு சாரார். ஒரே கோலால் எல்லா நாட்டையும் அளத்தல் தகாது என்பர் மறு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஒன்றைக் கொண்டு மற்றையதை விடவேண்டும் என்பதில்லை என்பதைப் பின்னர்க் காட்டுவாம்.

மொழியும் துயரும்

அளவை எத்துணைச் சிறந்ததாயினும் அது பேசும் மொழி நோயாளரின் மொழியாயிருத்தல் வேண்டும். தமிழில் மொழிபெயர்ப்பு இருக்கின்றது என்பது மட்டும் போதாது. தமிழகத்தாருக்குப் பதற்றம் எனப்படுவது நம்மவருக்குப் பதகளிப்பு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வழங்கும் சொற்கள் கொக்கட்டிச்சோலையில் வழங்கும் சொற்களின் வேறாயிருத்தல் கூடும். "பாதி நாட்களுக்கு மேல்" என்னும் விடை பலருக்கு விளங்குவதில்லை, "கிழமையில் எத்தனை நாள்?" என்றால் விளங்கும். நித்திரைக் குறைவையும் மிகுதியையும் ஒரே வினாவில் அடக்கின், ஆம் என்னும் விடை எதனைக் குறித்தது என்பது மயங்கும்.

துயரைச் சொல்லும் முறையும் இடந்தோறும் வேறுபடும். நம்மவர் "மனம் சோர்ந்தது" என்பதினும் நெஞ்செரிவு, தலைப்பாரம், பெருமூச்சு என்று உடலின்மேல் வைத்துச் சொல்வதே பெரும்பான்மை. போர்க்காலத்து மட்டக்களப்பில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் மக்கள் காணாமற் போன உறவினரைப் பற்றிக் கேட்டு ஆறுதல் தேடியதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனிமனிதர் உள்ளத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் பதிந்தது என்பதை வலியுறுத்தினார். தனியொருவரின் இரு கிழமை அறிகுறிகளை வினாவும் தாளில் இவை முற்றாக அடங்கா. ஆதலின் மொழிபெயர்ப்பை ஏற்குமுன், ஊர்மக்கள் சிலரை இருத்தி, ஒவ்வொரு வினாவையும் வாசித்து, "இதில் உமக்கு விளங்கியது யாது?" என்று கேட்டல் இன்றியமையாதது. சொற்களை மாற்றின் அளவை புதியதாகிவிடும். அதனை மறுபடியும் சோதித்த பின்னரே பழைய எல்லை எண்களை நம்பலாம்.

எண் ஏமாற்றும் இடங்கள்

எண் தானே பேசுவதாக நினைத்தல் பிழை. மக்கள் துயர் உச்சத்தில் இருக்கும்போதே வைத்தியரை நாடுவர். உச்சத்தினின்று ஓரளவு இறங்குவது எவ்வகைச் சிகிச்சையின்றியும் நிகழக்கூடும். எனவே புள்ளி குறைந்தமை முழுவதையும் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்ளலாகாது.

இதனினும் பெரிய ஏமாற்றம், வாராதவர்களை மறத்தல். இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய உளச்சிகிச்சைத் திட்டத்தார், முதலிலும் முடிவிலும் மட்டும் அளப்பதை விட்டு ஒவ்வோர் அமர்விலும் அளந்தனர். இறுதி அளவைக்கு வாராது நின்றோர் வந்தோரைவிட மிகக் குறைவாகவே தேறியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. வந்தோரை மட்டும் கணக்கிட்டால் நம் வெற்றி பெரிதாகத் தோன்றும். தேறாதவரோ வீட்டில் இருப்பார். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கிளினிக்குக்கு வாராதவர் சுகமடைந்தமையால் வாராதவரா, நோய் முற்றியமையால் வாராதவரா என்பதை அறியாத கணக்கு, கணக்காகாது.

மூன்றாவது, சில வினாக்கள் கேட்டவரைக் கடமைப்படுத்துவன. பீ.எச்.கியூ.-9இன் இறுதி வினா தன் உயிரை மாய்க்கும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஆம் என்று ஒருவர் விடையளித்தால், அன்றைய தினமே அவரோடு இருந்து பேசுதற்கு ஒருவர் இருத்தல் வேண்டும். அவ்வொழுங்கு இல்லாத இடத்தில் அவ்வினாவைக் கேட்டுத் தாளை அடுக்கி வைத்தல் அளவையன்று, அசட்டை. நான்காவது, துயரின் காரணம் நீங்காதிருப்போர் நிலை. காணாமற் போன மகனைத் தேடும் தாயின் புள்ளி குறையாதிருப்பின், அதனைச் சிகிச்சையின் தோல்வி என்றோ அவரின் பலவீனம் என்றோ எழுதுதல் அநீதி. இறுதியாக, எண்ணைக் கொண்டு ஊழியரைப் புகழவும் இகழவும் தொடங்கின், எண் அழகாகும். நோயாளர் நிலை அவ்வாறே இருக்கும்.

செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால் எமக்குத் தோன்றுவது இது. அன்றாடக் கிளினிக்குக்கு மூன்று கூறுகள் போதும். ஒன்று, பிற இடங்களோடு ஒப்பிட உதவும் சுருக்கமான பொது அளவை. இரண்டு, வாழ்க்கைச் செயல்களை நோக்கும் வூடாஸ் போன்றதொன்று, சில மாதங்களுக்கு ஒருமுறை. மூன்று, நோயாளர் தம் சொல்லாற் கூறிய ஒரு குறிக்கோள். அது அவர் சொன்னவாறே எழுதப்பட்டு ஒவ்வொரு வருகையிலும் திரும்பக் கேட்கப்படுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாகப் படுவான்கரைத் தாய் ஒருவரைக் கற்பனை செய்வோம். முதல் நாளில் அவர் பீ.எச்.கியூ.-9 புள்ளி 18. மூன்று மாதத்தில் 9. ஐந்து புள்ளிக் குறைவையே பொருளுள்ள மாற்றமாகக் கொள்வர் ஆதலின், தாள் வெற்றி என்று கூறும். ஆயின் முதல் நாளில் அவர் கூறிய குறிக்கோள், "வைகாசியில் அயலவரோடு கண்ணகி அம்மன் திருக்குளிர்த்திக்குப் போகவேண்டும்" என்பது. திருக்குளிர்த்தி வந்து போயிற்று. அவர் படலையைத் தாண்டவில்லை. நித்திரை திரும்பியது, பசி திரும்பியது, அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்துச் செய்ய வேண்டுவது மருந்தைக் கூட்டுவதன்று. அவருடன் படலைவரை நடத்தற்கு ஒருவரைத் தேடுதல். இதனைப் பொது அளவை காட்டாது. அவர் சொல்லே காட்டும். மாறாக, அவர் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மாவட்டத்தின் நிலையை அறிய இயலாது. அதற்குப் பொது அளவை வேண்டும்.

பெற்ற எண் எங்கே செல்கின்றது என்பதும் முக்கியம். அது முதலில் நோயாளரிடமே திரும்புதல் வேண்டும்: "போன மாதம் இவ்வாறிருந்தீர், இம்மாதம் இவ்வாறிருக்கின்றீர், உமக்கும் அவ்வாறுதான் தோன்றுகின்றதா?" என்று கேட்டலே அளவையின் முதற்பயன். கிளினிக்கின் ஆண்டுக் கணக்கும் மாவட்டத்தின் அறிக்கையும் அதன் பின்னரே. வாராதவர் பெயர்கள் தனியே எழுதப்பட்டு, கிராமங்களுக்குச் செல்லும் சுகாதார ஊழியர் வாயிலாக விசாரிக்கப்படுதலும் இவ்வொழுங்கின் பகுதியேயாம்.

இப்பணியில் இக்கல்லூரி மாணவர்க்கும் இடமுண்டு. மருத்துவமும் தாதிமையும் பயிலச் செல்வோர் உளர்; அவர் எண்ணைக் கேட்கும் போதே மனிதரையும் கேட்கப் பழகுக. தமிழ் பயில்வோர் ஊர்தோறும் துயரைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்தால், அத்தொகுதி நல்ல மொழிபெயர்ப்புக்கு அடிப்படையாகும். கணிதம் பயில்வோர் வாராதவரையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஆராய்க.

நிறைநிலவு இரவில் வாவியின் பாடும் மீன் ஒலியைக் கேட்க விரும்புவோர், துடுப்பின் ஒரு நுனியை நீருள் இறக்கி, மறுநுனியிற் காதை வைப்பர். ஒலி துடுப்பினுடையதன்று, துடுப்பின்றி அது நன்கு கேட்பதும் இல்லை. துடுப்பு நீரைத் தொடாதிருப்பினும், தொட்டபின் காதை வையாதிருப்பினும் பயனில்லை. உளநலத்துக்குரிய அளவையும் அத்தன்மைத்தே. அது நோயாளர் உள்ளத்தைத் தொடவேண்டும். மறுமுனையிற் கேட்பதற்கு ஒருவர் இருத்தல் வேண்டும்.